டத்தோவின் வாழ்த்துரை

நம் ஊரில் தமிழ்ப் புத்தகம் போடுகிறவனுக்கு ஒரு வேலை கூடுதல். புத்தகத்தை எழுதி முடித்த கையோடு, அந்தப் புத்தகத்தைப் பாராட்டி ஓர் அரசியல்வாதி எழுதும் வாழ்த்துரையையும் அவனே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை. முன்பக்கத்தில் கோட்டும் டையும் போட்ட ஒரு படம், அதற்குக் கீழே 'அன்புத் தமிழ் நெஞ்சங்களுக்கு வணக்கம்' என்று தொடங்கும் நான்கு பத்தி, கடைசியில் நீல மையில் ஒரு கையெழுத்து. கையெழுத்துக்காரர் அந்தப் பக்கத்தை எப்போதாவது படித்திருக்கிறாரா என்று கேட்பது மரியாதை இல்லை.

ரபேல் இதுவரை நான்கு புத்தகம் போட்டிருந்தார். ஆகவே நான்கு வாழ்த்துரையும் எழுதியிருந்தார். தம்மைத் தாமே 'இலக்கிய வானின் விடிவெள்ளி' என்று ஒரு முறையும், 'சமுதாயத்தின் மனசாட்சி' என்று இரண்டு முறையும் எழுதிக்கொண்டதுண்டு. முதல் தடவை எழுதியபோது கூச்சமாக இருந்தது. நான்காவது தடவை காப்பி குடித்துக்கொண்டே எழுதினார்.

ஐம்பத்தாறு வயது. கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, இப்போது பூச்சோங்கில் வீடு. 'ரபேல்னு பேரு வெச்சிக்கிட்டு தமிழ் இவ்ளோ நல்லா எழுதுறீங்களே' என்று இருபத்தைந்து வருடமாக மேடைக்கு மேடை அவரிடம் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சிரித்தார். ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தது. தமிழ் என்ன இவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தா என்று மனைவி டோரிஸிடம் மட்டும் திட்டுவார். வெள்ளைக்காரனும் மலாய்க்காரனும் நம்மைப் பிரித்துப் பார்த்தால் நூறு பக்கம் எழுதுகிற ஆட்கள், தங்களுக்குள்ளே பிரித்துப் பார்ப்பதை ஒரு வரி எழுத மாட்டார்கள் என்பது அவருடைய நெடுநாள் கோபம். அந்தக் கோபத்தில்தான் ஐந்தாவது புத்தகம் பிறந்தது. நாவல். பெயர் 'தகவல் கிடைக்கவில்லை'.

அந்தப் பெயர் அவர் யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. ஒரு பிறப்புப் பத்திரத்தில் இருந்தது.

ரபேல் வேலை பார்த்த கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள் வீரம்மா. ஐம்பதைத் தாண்டியவள், புருஷன் இறந்து பத்து வருடம், கிள்ளானில் மலிவு விலை ஃபிளாட்டில் நான்காவது மாடி. அவளுக்கு ஒரு மகள், மாதவி. பெற்ற மகள் அல்ல. பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்த ஒரு பெண், பிறந்து ஏழு நாளான குழந்தையை வீரம்மா கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனவள், இன்னும் திரும்பவில்லை. வீரம்மாவும் புருஷனும் குழந்தையைப் பதிந்தார்கள், கோர்ட்டுக்குப் போய் முறையாகத் தத்தும் எடுத்தார்கள். ஆனால் பத்திரத்தில் தாய் பெயருக்கு எதிரே 'தகவல் கிடைக்கவில்லை' என்று மலாயில் அச்சாகியிருந்தது. குடியுரிமைக்கு எதிரே 'குடிமகள் அல்ல' என்று இருந்தது. எந்த நாட்டுக் குடிமகள் என்று அதில் இல்லை.

வீரம்மாவுக்குக் குடிமக்களுக்குத் தரும் நீல அடையாள அட்டை, நீல ஐசி. செத்துப்போன புருஷனுக்கும் நீல ஐசி. மாதவிக்கு ஒன்றும் இல்லை. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் ஏழு ஏ வாங்கினாள். நர்ஸ் படிப்புக்கான தாதிமைக் கல்லூரி பாரத்தின் முதல் கட்டமே ஐசி எண்ணைக் கேட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பின்பக்கம் பாத்திரம் கழுவப் போனாள். முன்பக்கம் பரிமாற விட்டால் சோதனைக்கு வருகிறவர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்று முதலாளிக்குப் பயம்.

வேலை இல்லாத நாட்களில் ரபேலின் கையெழுத்துப் பிரதியை லேப்டாப்பில் தட்டித் தந்தது அவள்தான். தன்னைப் பற்றிய நாவலைத் தானே தட்டினாள். ஒருநாள் தட்டிக்கொண்டே ஒன்று சொன்னாள். பன்னிரண்டு வயதில் பள்ளிக்குப் பதிவு இலாகாவின் நடமாடும் முகப்பு வந்து வகுப்பு முழுக்க ஐசிக்குப் படம் எடுத்துக்கொண்ட அன்று, அவள் கழிவறையில் போய்ப் பூட்டிக்கொண்டு, மணி அடிக்கும்வரை பேசினுக்கு மேலே காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாளாம், கதவுக்குக் கீழே யாரும் சப்பாத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னாளாம்.

"இத மட்டும் எழுதாதீங்க அங்கிள். அம்மாவுக்குத் தெரியாது" என்றாள்.

எழுத மாட்டேன் என்று ரபேல் வாக்குக் கொடுத்தார். நாவலில் எழுதவும் இல்லை. எழுதுகிறவனுக்கு அது சின்னத் தியாகம் இல்லை. அந்த ஒரு காட்சி இல்லாததால் பதினோராம் அத்தியாயம் நொண்டுகிறது என்று அவருக்கு மனக்குறை இருந்தது.

மாதவியின் குடியுரிமை மனு ஒரு தடவை காரணம் சொல்லாமல் நிராகரிக்கப்பட்டிருந்தது. அதை எதிர்த்து கோர்ட்டில் வழக்குப் போட்டவள் குளோரியா. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் அலுவலகம் வைத்திருந்த வக்கீல், ரபேலின் சர்ச்சுக்காரி. ஒரு காசு வாங்காமல் நடத்தினாள். மாதவிக்கு இருபது முடிந்திருந்தது. இருபத்தொன்று ஆகிவிட்டால், பிள்ளைகளுக்கான அந்தச் சட்டப் பிரிவில் குடியுரிமை கேட்க முடியாது. வழக்கு அதற்கு முன்பே போடப்பட்டதால், தீர்ப்பு வருவதற்குள் வயது கடந்தாலும் நிற்கும் என்று குளோரியா சொல்லியிருந்தாள். வீரம்மாவுக்குப் புரிந்தது ஒன்றுதான், கோர்ட்டில் ஒரு கதவு இன்னும் மூடாமல் இருக்கிறது.

புத்தகம் அச்சுக்குப் போகிற நேரம் வந்தது. வாழ்த்துரைக்கு, டத்தோ பட்டம் வாங்கியிருந்த தம்புசாமியைப் பிடித்தார்கள். கட்சியில் பெரிய பொறுப்பு, அரசாங்கத்தில் சின்னப் பொறுப்பு. தேர்தல் வருகிறது என்ற பேச்சு பலமாக இருந்ததால் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்துகொண்டிருந்தார். ரபேல் போன் செய்தபோது எடுத்தது அவருடைய செயலாளர் ஜீவன்.

"டத்தோ ரொம்ப பிஸி லா அங்கிள். நீங்களே ஒரு பேஜ் அடிச்சி வாட்ஸ்அப் பண்ணிடுங்க, நான் சைன் போட்டு அனுப்பிடுறேன்" என்றான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கணினியில் உட்கார்ந்து ரபேல் தொடங்கினார். விடிவெள்ளி, மனசாட்சி எல்லாம் விரல் நுனியிலேயே இருந்தன. இரண்டு பத்தி ஓடியது. அப்போது வீரம்மா மாப்பும் வாளியுமாக அந்தப் பக்கம் வந்து, சார்மார் சாப்பிடுகிற நேரத்தில் ஈரம் பண்ணக் கூடாது என்று ஒதுங்கி நின்றாள். இந்தப் பெண்மணி இதே தம்புசாமியின் சேவை மையத்துக்கு நாலு தடவை போய், நாலு தடவையும் 'திங்கட்கிழமை வாங்க' என்று அனுப்பப்பட்டவள் என்பது ரபேலுக்கு ஞாபகம் வந்தது. எழுதியதை எல்லாம் அழித்தார். புதிதாக எழுதினார்.

'இந்தத் தாய் என் சேவை மையத்தின் படியில் நான்கு முறை நின்றார். நான்கு முறையும் அவரைத் திருப்பி அனுப்பியவன் நான். அதற்காக இந்தப் பக்கத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வகுப்புத் தோழர்கள் அடையாள அட்டைக்கு வரிசையில் நின்ற நாளில், கழிவறைக்குள் காலைத் தூக்கி வைத்து ஒளிந்திருந்த ஒரு சிறுமியை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை. அந்தப் பெண்ணுக்குக் குடியுரிமையை நானே முன்னின்று பெற்றுத் தருவேன். இது என் வாக்கு.'

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தார். நாவல் முழுவதிலும் இவ்வளவு நல்ல பத்தி ஒன்று இல்லை என்று அவருக்கே தோன்றியது. கழிவறையை எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். எடுத்தால் அந்தப் பத்தி செத்துவிடும். எடுக்கவில்லை. அனுப்பினார்.

ஜீவன் போன் பண்ணிக் கத்துவான், புத்தகம் வாழ்த்துரை இல்லாமலே வரும், தம்புசாமியின் யோக்கியதை தெரியட்டும் என்றுதான் நினைத்திருந்தார். இருபது நிமிடத்தில் கையெழுத்தோடு திரும்பி வந்தது, நடுவில் டத்தோவின் படத்தோடு. ஜீவன் தமிழ் பேசுவான், படிக்க மாட்டான். ரபேல் பேன்ட்ரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தார். அச்சில் ஏறிய வாக்கிலிருந்து எவனும் தப்ப முடியாது, ஆள் மாட்டினான் என்று சிரித்தார்.

வெளியீட்டு விழா ஜூன் மாதம், ஞாயிறு பின்மதியம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில். டத்தோ வழக்கம்போல ஒரு மணி நேரம் தாமதம். பரதம் ஆடி முடித்தாயிற்று, தமிழ் வாழ்த்து இரண்டு தடவை பாடியாயிற்று. நேரத்தை ஓட்ட வழி தெரியாத அறிவிப்பாளர், டத்தோ அவர்கள் வருவதற்குள் அவருடைய வாழ்த்துரையைப் படிக்கிறேன் என்று புத்தகத்தைப் பிரித்தார்.

பாதியில் மண்டபம் அமைதியாகிவிட்டது. கழிவறை வரி வந்தபோது முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். வீரம்மா மெல்ல மகள் பக்கம் திரும்பி என்னவோ கேட்டாள். மாதவி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். வீரம்மா மகளின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். மாதவி மேடையில் இருந்த ரபேலைப் பார்த்தாள். அழவில்லை, முறைக்கவும் இல்லை, பார்த்தாள். எழுதியது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும், அந்தச் சங்கதியை அவள் உலகத்தில் ஒருவரிடம்தானே சொன்னாள். ரபேல் தமக்கு முன்னால் இருந்த தண்ணீர் போத்தலின் மூடியைத் திறந்தார்.

வாழ்த்துரையைப் படித்து முடித்ததும் மண்டபம் கைதட்டியது. சரியாக அந்தக் கைதட்டலுக்கு நடுவில் தம்புசாமி உள்ளே நுழைந்தார். மண்டபமே எழுந்து நின்றது. இத்தனை வருட அரசியலில் தமக்கு யாரும் இப்படி எழுந்து நின்றதில்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. மேடை ஏறியதும் ரபேலின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, தாம் எழுதியதை முதல் முறையாகப் படித்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த ரபேல் அவருடைய உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'மன்னிப்பு' என்ற இடத்தில் உதடு நின்றது. இப்போது மாட்டுவான், இப்போது மாட்டுவான் என்று ரபேல் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

தம்புசாமி மாட்டவில்லை. அப்படி மாட்டுகிற ஆள் என்றால் டத்தோ ஆகியிருப்பாரா? மைக்கைப் பிடித்தார். எழுதியவன் நான், எழுதியதை எழுதியபடி செய்வேன் என்றார். வீரம்மாவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போட்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டே எல்லாக் கேமராவுக்கும் திரும்பினார். மறுநாள் பத்திரிகையில் 'தாயிடம் மன்னிப்புக் கேட்ட தலைவர்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. நாவலாசிரியர் பெயர் நாலாவது பத்தியில், எழுத்துப்பிழையோடு.

விழா முடிந்து தேநீர் நேரத்தில் ரபேல் பெருமை தாங்காமல் குளோரியாவிடம் உண்மையைச் சொன்னார். அதை நான்தான் எழுதினேன், ஆள் எப்படி மாட்டிக்கொண்டான் பார் என்றார். குளோரியா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "யார் மாட்டினதுன்னு போகப் போகத் தெரியும் அங்கிள்" என்றாள்.

தெரிய இரண்டு வாரம்தான் ஆனது. ஜீவன் வீரம்மாவைக் கூப்பிட்டான். டத்தோவே நேரில் அமைச்சில் பேசிவிட்டார், ஃபைலை அசல் பத்திரங்களோடு கொண்டுவந்து கொடுங்கள், ஆனால் கோர்ட்டில் கேஸ் இருக்கும்வரை அமைச்சு தொடாது, கேஸை வாபஸ் வாங்கிவிடுங்கள் என்றான். அதே நாள் ரபேலையும் கூப்பிட்டான். ஓர் அறவாரியம் ஆண்டுதோறும் தரும் இலக்கியப் பரிசுக்கு நாவலின் பெயரை டத்தோ பரிந்துரைக்கிறார், பாரத்தை அனுப்பியிருக்கிறேன், நிரப்பி அனுப்புங்கள், அப்படியே அந்த அம்மாவிடமும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள் என்றான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். நடுவில் ஒரு கமாகூட இல்லை.

குளோரியா ரபேலைத் தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். அக்டோபரில் அந்தப் பெண்ணுக்கு இருபத்தொன்று முடிகிறது. இப்போது கேஸை எடுத்துவிட்டு அதற்குப் பிறகு திரும்பப் போட்டால் நிற்காது, எடுத்தால் எடுத்ததுதான் என்று நிதானமாக விளக்கினாள். தான் சொன்னால் வீரம்மா கேட்க மாட்டேன் என்கிறாள், அச்சில் இருக்கிறதே என்கிறாள் என்றாள்.

"நீங்க கிள்ளானுக்குப் போய் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. அது டத்தோ எழுதல, நான் எழுதினதுன்னு சொல்லுங்க. டத்தோ வாயால ஒரு வார்த்தை உங்ககிட்ட பேசினதில்லன்னு சொல்லுங்க. அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுகிறேன் என்று ரபேல் ஒப்புக்கொண்டார். சொல்ல வேண்டும் என்றுதான் புறப்பட்டார். நான்கு மாடி ஏறி வீட்டுக்குள் போனால், சாமிப் படங்கள் இருந்த தட்டில், பிளாஸ்டிக் உறை போட்டு அந்தப் புத்தகம் இருந்தது. வாழ்த்துரைப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. வீரம்மா பால் சேர்க்காத தேநீர், தே ஓ, கலக்கிக் கொடுத்தாள். அவள் முகத்தில் இருந்த தெம்பை ரபேல் அதற்கு முன் பார்த்ததில்லை. இதை உடைக்க எனக்கு என்ன உரிமை என்று நினைத்தார். அப்படி நினைத்தது அவருக்கு வசதியாகவும் இருந்தது. ஒருவேளை அந்த ஆள் செய்தாலும் செய்வான், தேர்தல் வருகிறதே, செய்துதானே ஆக வேண்டும் என்றும் நினைத்தார். சொன்னால் ஊர் என்ன பேசும் என்பதையும் நினைத்தார். டத்தோ பெயரில் பொய் எழுதினவன் என்பார்கள், சிரிப்பார்கள், போலீஸில் ரிப்போர்ட்கூடப் போடுவார்கள். இருபத்தைந்து வருடம் கழித்து முதன்முதலாக ஒரு பரிசு வாசலில் வந்து நிற்கிறது. அதையும் நினைத்தார். தே ஓ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸில் இருந்தபோது மாதவி கூப்பிட்டாள். நாளைக்குக் காலையில் லாயர் ஆபீஸில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். பின்னால் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது.

"அங்கிள், அதுல எழுதியிருக்கறத நம்பலாமா? கேஸ எடுத்துரலாமா?"

அவள் எதைக் கேட்கிறாள், யாரிடம் கேட்கிறாள் என்பது ரபேலுக்கு நன்றாகத் தெரியும். கணினித் திரையில் பரிசுப் பாரம் பாதி நிரப்பிய நிலையில் இருந்தது. 'நூலின் சமூகப் பயன்' என்ற கட்டம் வரை வந்திருந்தார்.

"சைன் போட்டுக் குடுத்திருக்காரும்மா. நம்பலாம்" என்றார்.

"சரி அங்கிள்" என்று அவள் போனை வைத்தாள்.

புதன்கிழமை வழக்கு வாபஸானது. குளோரியா ரபேலைக் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு சர்ச்சில் பார்த்தும் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊகிக்க மூளை வேண்டாம். ஜூலையில் ஃபைல் அமைச்சுக்குப் போய்விட்டது என்றான் ஜீவன். ஆகஸ்டில் பிராசஸிங் லா என்றான். செப்டம்பரில் ஒரு ஹோட்டலில் பரிசளிப்பு விழா நடந்தது. ரபேல் டை கட்டிக்கொண்டு போனார். எழுத்து ஏழைகளின் ஆயுதம் என்று பேசினார். தம்புசாமி கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். 'ரபேல்னு பேரு வெச்சிக்கிட்டு' என்று அன்றைக்கும் ஒருவர் ஆச்சரியப்பட்டார்.

அக்டோபரில் நாடாளுமன்றம் கலைந்தது. தம்புசாமிக்குக் கட்சி சீட் கொடுக்கவில்லை. அவருடைய போன் அன்றிலிருந்து எடுபடவில்லை. சேவை மையத்தின் ஷட்டர் இறங்கியது. ஜீவன் வேறொரு வேட்பாளரிடம் போய்ச் சேர்ந்துவிட்டான். குளோரியா அவனை விரட்டிப் பிடித்து, அவன் பக்கத்துக் கடைக்காரனிடம் விட்டுப்போயிருந்த சாவியை வாங்கி, சேவை மையத்துக்குள் போய்த் தேடினாள். ஃபைல் மேசை இழுப்பறையிலேயே இருந்தது, அசல் பிறப்புப் பத்திரத்தோடு. மூன்று மாதமாக அது அந்த மேசையைவிட்டு நகரவில்லை. அன்றைக்கு மாதவிக்கு இருபத்தொன்று முடிந்து நாலு நாள்.

இதை டோரிஸ் வழியாகத்தான் ரபேல் கேள்விப்பட்டார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அது உண்மை, அதில் பொய் சொல்லக் கூடாது. மூன்றாம் நாள் பேனாவை எடுத்தார். தம்புசாமிக்கு ஒரு பகிரங்கக் கடிதம், நாலு பக்கம். ஓர் ஏழைத் தாயின் நம்பிக்கையைக் கழுத்தறுத்த கயவனே என்று தொடங்கினார். எழுத எழுதத் தெம்பு வந்தது. எழுதி முடித்தபோது பசித்தது. பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் வீரம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டும், அதுதான் முறை என்று தோன்றியது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்க, வந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கிள்ளானுக்குப் போனார்.

வீரம்மா தரையில் தாளை விரித்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மாதவி வேலைக்குப் போயிருந்தாள். வாங்க அண்ணே என்றாள், நாற்காலியைக் காட்டினாள். குரலில் கோபம் இல்லை. அவளுக்கு விஷயமே சரியாகப் புரியவில்லையோ என்று ரபேலுக்குப் பாவமாக இருந்தது. டத்தோ இப்படி மோசம் பண்ணுவான் என்று நினைக்கவில்லை, உன்னை நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான், விட மாட்டேன் என்று சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தார். நல்ல குரல் அவருக்கு. ஒரு பக்கம் முழுக்க அவள் நெத்திலியின் தலையைக் கிள்ளியபடியே கேட்டாள். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள்.

"டத்தோவ யாரு அண்ணே நம்புனா?" என்றாள். "இருவது வருஷமா எத்தன டத்தோ, ஓட்டு கேட்டு வந்த எத்தன ஒய்பி பாத்துட்டேன். அது நீங்க எழுதுனதுன்னு மண்டபத்துலயே எம்பொண்ணு சொல்லிருச்சி. நீங்க எழுதுனா ஆள்கிட்ட பேசி, கேட்டு, உறுதி பண்ணிக்கிட்டுத்தான் எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன். ரெண்டு வருஷம் இங்க வந்து ஒக்காந்து ஒவ்வொன்னையும் மூணு தடவ கேட்டுக் கேட்டுத்தானே எங்க கதைய எழுதுனீங்க. அதுக்கும் மேல அது போன் பண்ணி உங்களையே கேட்டுச்சி. நம்பலாம்னு சொன்னீங்க. லாயர் பொண்ணு எவ்ளோ சொல்லுச்சி, நான் கேக்கல. உங்கள நம்பித்தான் அண்ணே கேஸ எடுத்தேன்."

ரபேல் கடிதத்தை மடித்தார், பிரித்தார். அவனை மாட்ட வைக்கத்தான் அப்படி எழுதினேன் என்றார், அச்சில் வந்துவிட்டால் தப்ப முடியாது என்று நினைத்தேன் என்றார், ஒரு கண்ணி வைத்தேன் வீரம்மா என்றார்.

"எங்கள வெச்சா?" என்று கேட்டாள்.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. ஆய்ந்த நெத்திலியைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டுவிட்டு, தலைகளைத் தாளோடு சுருட்டினாள். குளோரியா வேறு ஏதோ பிரிவில் முயன்று பார்க்கலாம் என்று சொல்லியிருப்பதாகவும், ஆறேழு வருடம் ஆகலாம் என்றும், மாதவி இன்றைக்கு இரண்டு ஷிஃப்ட் என்றும் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு அவர் மடியில் கிடந்த தாள்களைப் பார்த்தாள்.

"பேப்பருக்கு அனுப்புறதுன்னா அனுப்புங்க. ஆனா எம்பேரு, எம்பொண்ணு பேரு, நாங்க சொன்னது, நாங்க பட்டது, எல்லாத்தையும் அதுலேருந்து எடுத்துருங்க. இங்கயே எடுத்துருங்க, நான் பாக்குறேன்."

ரபேல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தார், அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்து முடித்தபோது நாலு பக்கத்தில் ஒன்பது வரி மிச்சம் இருந்தது. நாலு வரி தம்புசாமி எவ்வளவு கெட்டவர் என்பது. ஐந்து வரி, ரபேல் எவ்வளவு பெரிய எழுத்தாளர் என்பது.